சிவப்பு மையில் எழுதியதே இறுதி

மே 4

அன்புள்ளவளுக்கு,

இங்கு நலம். நீயும் நலமாக இருப்பாய் என்று நம்புகிறேன். உறுதியாகச் சொல்லப் போதிய தகவல் என்னிடம் இல்லை. போன் செய்தால் உன் தம்பிதான் எடுக்கிறான். "மாமா, போனை எடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்கு. அதச் சொல்லத்தான் எடுத்தேன்" என்று சொல்லி வைத்துவிடுகிறான். ஆகவே எழுதுகிறேன்.

விஷயம் இதுதான். நேற்று கல்லூரி முதல்வர் நம் வீட்டுக்கு வந்திருந்தார். ஒரு காலத்தில் என்னிடம் புள்ளியியல் படித்தவர். இந்த ஆண்டுப் பட்டமளிப்பு விழாவில் சிறப்புரை நான் ஆற்ற வேண்டுமாம். ஏன் என்று கேட்டேன்.

"பெரிய ஆளுங்க எல்லாரையும் கேட்டுப் பாத்தாச்சு சார். நீதிபதிக்கு முட்டி ஆபரேஷன். கம்பெனி முதலாளி வெளிநாடு போயிட்டார். ஒரு விஞ்ஞானி வர்றேன்னு சொல்லிட்டு வேற காலேஜுக்குப் போறார். நீங்கதான் சார் பக்கத்துத் தெருவுலயே இருக்கீங்க" என்றார்.

என் தகுதி அவ்வளவுதான். மறுப்பதற்குச் சரியான வாக்கியத்தை நான் மனத்துக்குள் அமைத்துக்கொண்டிருந்தேன். அது அமைவதற்குள் அவர் டீயைக் குடித்து முடித்து, என் கையைக் குலுக்கி, செருப்பையும் மாட்டிக்கொண்டுவிட்டார்.

வகுப்பில் பேசிப் பழகியவர்தானே என்று நீ நினைக்கலாம். நான் வகுப்பில் கரும்பலகையிடம்தான் பேசினேன். மாணவர்கள் அறிந்தது என் முதுகை. அவர்கள் எனக்கு வைத்திருந்த 'ஏறக்குறைய சார்' என்ற பெயரும் உனக்குத் தெரியும்.

இதில் இன்னொரு சங்கடம். சில வருடங்களுக்கு முன் ஒரு சிறப்பு விருந்தினர் ஜெனரேட்டரில் டீசல் தீரும் வரை பேசினார் அல்லவா. அதிலிருந்து உரையை முன்கூட்டியே வாங்கி, அச்சடித்து, ஒவ்வொரு நாற்காலியிலும் ஒரு பிரதி வைத்துவிடுகிறார்கள். பேசுபவர் அதில் உள்ளதை மட்டுமே, உள்ளபடியே படிக்க வேண்டும். சபையில் எல்லோரும் விரல் வைத்துக் கூடவே படிக்கிறார்கள். பக்கம் திருப்பும்போது மண்டபம் முழுவதும் ஒரே நேரத்தில் சலசலக்கும். போன வருடம் வந்தவர் ஒரு பத்தியை விட்டுவிட்டார். பின்வரிசையிலிருந்து ஒரு தகப்பனார் எழுந்து, "ஐயா, ஏழாம் பக்கத்துல ஒரு பத்தி விட்டுப்போச்சு" என்றார். அவரும் திரும்பிப் போய்ப் படித்தார்.

ஆகவே எழுதுவது பிழையில்லாமல் இருக்க வேண்டும். வரைவை உனக்கு அனுப்பினால் பார்த்துத் தருவாயா? வற்புறுத்தவில்லை.

மருந்துப் பெட்டியின் சாவி எங்கே இருக்கிறது?

இப்படிக்கு,
உன் கணவன்

*

மே 9

என்னங்க,

கடிதம் வந்தது. நீதிபதியின் முட்டியைப் பற்றி எழுதியிருக்கிறீர்கள். என் முட்டியும் அப்படித்தான் இருக்கிறது, சொல்லி வைக்கிறேன். சாவி அலமாரியின் மேல் தட்டில், உங்கள் பழைய கண்ணாடிக் கூட்டுக்குள்.

போனை ஏன் எடுப்பதில்லை என்றால், போனில் நீங்கள் பேசுவதில்லை, மூச்சுதான் விடுகிறீர்கள். மருத்துவமனையில் தலைமை நர்ஸாக இருந்த காலம் முழுக்க அடுத்தவர் மூச்சைக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன். ஓய்வு பெற்ற பிறகும் கேட்க வேண்டுமா? கடிதத்தில் நாலு வரியாவது தேறுகிறது. கடிதமே எழுதுங்கள்.

நான் எதற்காகத் தம்பி வீட்டில் வந்து உட்கார்ந்திருக்கிறேன் என்று நீங்கள் ஒரு வார்த்தை எழுதவில்லை. மறந்திருந்தால் ஞாபகப்படுத்துகிறேன். மார்ச் மாதம் நம் குடியிருப்பில் லிஃப்ட் மோட்டார் எரிந்துபோனது. சங்கக் கூட்டத்தில் செயலாளர் எழுந்து, "மூணாவது மாடி அம்மா இரும்புப் பெட்டிய லிஃப்ட்ல ஏத்துனாங்க, அதான் போச்சு" என்றார். மோட்டார் எரிந்த அன்றைக்கு நான் கண் டாக்டரிடம் போயிருந்தேன். லிஃப்டில் ஏறியது செயலாளருடைய புது வாஷிங் மெஷின். கதவைப் பிடித்துக்கொண்டு "மெதுவா, மெதுவா" என்று சொன்னது நீங்கள். அன்று சாயங்காலம் என்னிடம் சொன்னதும் நீங்கள்தான்.

கூட்டத்தில் அத்தனை பேரும் என்னைத் திரும்பிப் பார்த்தார்கள். நான் உங்களைப் பார்த்தேன். "சொல்லுங்க" என்றேன். நீங்கள் உங்கள் செருப்பைப் பார்த்தீர்கள். பதில் அதில் எழுதியிருந்ததா?

லிஃப்டும் மோட்டாரும் எனக்குப் பெரிதில்லை. என் ஆயுசில் ஒரு நாள் எனக்காக வாயைத் திறந்தீர்களா என்பதுதான் கணக்கு.

தம்பியின் அலங்கார மீன் கடை வியாபாரம் பெருகி வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டது. கூடத்தில் தொட்டி, மாடிப்படியில் தொட்டி, நான் படுக்கும் அறையிலும் தொட்டி. பகல் முழுக்க மீன்கள் வாயைத் திறந்து திறந்து மூடுகின்றன. சத்தம் வராவிட்டாலும் ஒரு முயற்சி தெரிகிறது.

வரைவை அனுப்புங்கள். பார்க்கிறேன்.

நான்

*

மே 16

அன்புள்ளவளுக்கு,

வரைவை இத்துடன் வைத்திருக்கிறேன். மாணவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த முறைப்படி, ஒரு வரி எழுதி ஒரு வரி இடம் விட்டிருக்கிறேன். பத்தி முடிவில் அதிக இடம் இருக்கிறது. பென்சிலில் எழுதினால் என் கண்ணுக்குத் தெரியாது. ஆகவே சிவப்புப் பேனா ஒன்றும் வைத்திருக்கிறேன். புதிது. எழுதுகிறதா என்று சோதித்துப் பார்த்துவிட்டேன்.

உரையின் பொருளை நான் தேர்ந்தெடுக்கவில்லை. கல்லூரிதான் கொடுத்தது. 'துணிந்து பேசு.' முதல்வரிடம் வேறு பொருள் கிடைக்குமா என்று கேட்டேன். "பேனர் அடிச்சாச்சு சார்" என்றார்.

என்னால் இதைப் பற்றி எழுத முடிந்தது என்பதே எனக்கு ஆச்சரியம். ஆனால் எழுதியதைப் படித்தால் யாரோ எழுதியது போல இருக்கிறது. ஏறக்குறைய எல்லாப் பத்திகளும் மிகையாகப் படுகின்றன. அல்லது குறையாக. எது என்று நீதான் சொல்ல வேண்டும்.

உன் கடிதத்தில் நீ குறிப்பிட்ட கூட்டத்தைப் பற்றி. அதற்குப் பதில் எழுத நான்கு முறை தொடங்கினேன். அந்த நேரத்தில் நான் செயலாளர் சொன்னதில் எந்த அளவுக்கு உள்நோக்கம் இருந்திருக்கலாம் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். ஒருவேளை அவர் தேதியை மாற்றி நினைத்திருக்கலாம். எண்ணி முடிப்பதற்குள் கூட்டம் கலைந்துவிட்டது. இது சமாதானம் ஆகாது என்பது எனக்கே தெரிகிறது. இருந்தாலும் நடந்தது இது.

இன்னொன்று. செயலாளரின் மகளும் இந்த ஆண்டு பட்டம் வாங்குகிறாள். ஆகவே அவரும் மண்டபத்தில் இருப்பார். அதை நினைத்தால் வாய் உலர்கிறது.

பால்கனிச் செடிகளுக்குத் தண்ணீர் ஊற்றுகிறேன். அவை வாடுகின்றன. ஊற்றுவது குறைவா அதிகமா என்று தெரியவில்லை.

உன் கணவன்

*

மே 23

என்னங்க,

செடிகளுக்கு இரண்டு நாளுக்கு ஒரு முறை ஒரு குவளை. உங்கள் குவளை இல்லை, என் குவளை.

வரைவைத் திருப்பி அனுப்புகிறேன். விட்ட இடம் போதவில்லை, ஓரத்திலும் எழுதியிருக்கிறேன். நோயாளியின் அட்டையில் எழுதுவது போல மனதில் பட்டதை அப்படியே எழுதினேன். தம்பி மனைவி எட்டிப் பார்த்துவிட்டு, "என்ன அண்ணி, மாமா எழுதினதவிட நீங்க எழுதினது ஜாஸ்தியா இருக்கு" என்றாள். கருத்து வேண்டும் என்று கேட்டவர் நீங்கள்தான்.

பன்னிரண்டாம் பக்கத்தில் ஒரு கேள்வி கேட்டிருக்கிறேன். மற்றதையெல்லாம் நீங்கள் ஏற்றுக்கொண்டாலும் தள்ளினாலும் எனக்குக் கவலையில்லை.

விழாவுக்கு வருவேனா என்று நீங்கள் கேட்கவில்லை. வரமாட்டேன்.

நான்

*

ஜூன் 2

அன்புள்ளவளுக்கு,

உன் குறிப்புகளை மூன்று முறை படித்தேன். வரிசையாகப் பதில் சொல்கிறேன்.

மழையில் நனைந்தபடி முதல் வகுப்புக்கு நடந்து போனேன் என்று எழுதியிருந்த இடத்தில், 'பொய். உங்கள் அப்பா காரில் கொண்டுபோய் விட்டார்' என்று எழுதியிருக்கிறாய். உண்மைதான். மழை பெய்தது என்பது சரி. நீக்கிவிடுகிறேன்.

இளைஞர்களின் கனவுகளைப் பற்றிய பத்தியின் கீழ், 'இந்த இடத்தில் நோயாளி தூங்கிவிட்டார்' என்று எழுதியிருக்கிறாய். நானும் எழுதும்போது தூங்கினேன். நீக்கிவிடுகிறேன்.

'ஏறக்குறைய' என்ற சொல்லை நீ வட்டமிட்டிருக்கும் எல்லா இடங்களிலும் அடித்துவிட்டேன். சில வாக்கியங்கள் இப்போது பொய்யாகின்றன.

பன்னிரண்டாம் பக்கத்துக்கு வருகிறேன். 'அநியாயத்தைக் கண்டால் அங்கேயே, அப்போதே வாய் திறந்து சொல்லுங்கள்' என்று மாணவர்களுக்கு எழுதியிருந்தேன். அதன் கீழ் நீ கேட்டிருக்கும் கேள்வியைப் பார்த்த பிறகு, அந்தப் பத்தியைச் சொல்ல எனக்கு உரிமை இல்லை என்று முடிவு செய்தேன். அதை முழுவதுமாக எடுத்துவிட்டு, நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது பற்றி ஒரு பத்தி எழுதியிருக்கிறேன். யாரையும் புண்படுத்தாது.

அச்சகத்துக்குப் போய்வந்தேன். வினாத்தாள் அச்சடித்த அதே இடம், அதே அச்சுக்காரர். நான் தேர்வுப் பொறுப்பில் இருந்தபோது வேலைக்குச் சேர்ந்தவர். எத்தனை பக்கம் வரும், எவ்வளவு காகிதம் வாங்க வேண்டும் என்று கேட்டார். சுத்தப் பிரதி இன்னும் முடியவில்லை. அளவு பார்ப்பதற்காக உன் குறிப்புகளோடு இருக்கும் பிரதியைக் கொடுத்துவிட்டு வந்தேன். திங்கட்கிழமை சுத்தப் பிரதியைக் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும்.

ஆனால் நேற்று மாலையிலிருந்து காய்ச்சல். முப்பத்தெட்டரை. நாக்கில் ருசி இல்லை. இருமல் வறண்டது.

உன் கணவன்

*

ஜூன் 6

என்னங்க,

காய்ச்சலுக்கு: மாத்திரை காலையும் இரவும், சாப்பிட்ட பிறகு. தண்ணீர் நிறைய. ஜன்னலைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள். மூன்று நாளில் இறங்காவிட்டால் டாக்டர். வெளியே போகாதீர்கள், அச்சகம் ஓடிப்போய்விடாது.

நர்ஸ் எழுத வேண்டியது முடிந்தது. இனி மனைவி.

நேரத்தைச் சரியாகப் பயன்படுத்துவது! கூட்டம் கலையும் வரை எண்ணிக்கொண்டிருந்த மனிதர் நேரத்தைப் பற்றிப் பேசப் போகிறார். அதற்கு மீன் தொட்டியைத் தூக்கி மேடையில் வைக்கலாம்.

உரிமை இல்லை என்று கண்டுபிடித்தீர்கள், சரி. உரிமை இல்லாவிட்டால் அதைச் சம்பாதிப்பது ஒரு வழி, பத்தியை அடிப்பது இன்னொரு வழி. உங்கள் கை எந்தப் பக்கம் போகும் என்று எனக்குத் தெரியாதா?

தம்பி மாடியில் எனக்கென்று ஒரு அறை கட்டலாம் என்கிறான். "அக்கா, நீ இங்கயே இரு. நோய் வந்த மீனெல்லாம் உன் கை பட்டா பொழைக்குது" என்கிறான். கொத்தனாரை வரச் சொல்லட்டுமா என்று தினமும் கேட்கிறான். இது வரை பதில் சொல்லவில்லை. விழா முடியட்டும் என்றிருக்கிறேன். நீங்கள் நேரத்தைப் பற்றிப் பேசினீர்கள் என்று கேள்விப்பட்டால் கொத்தனாரை வரச் சொல்லிவிடுவேன்.

நான்

*

ஜூன் 15

அன்புள்ளவளுக்கு,

விழா முடிந்தது. நடந்ததை வரிசையாக எழுதுகிறேன். இதைப் படிக்கும்போது நீ உட்கார்ந்திருப்பது நல்லது.

காய்ச்சல் விட ஒரு வாரத்துக்கு மேல் ஆனது. நீ சொன்னபடி வெளியே போகவில்லை. விழாவுக்கு முந்திய நாள்தான் சுத்தப் பிரதியை எடுத்துக்கொண்டு அச்சகத்துக்குப் போனேன். தாமதத்துக்கு மன்னிப்புக் கேட்கும் வாக்கியத்தைப் படியேறும்போதே தயார் செய்துவிட்டேன். அச்சுக்காரர் அதைச் சொல்ல விடவில்லை.

"என்ன சார் இப்ப வர்றீங்க? நேத்தே கட்டுக் கட்டி அனுப்பியாச்சு. இந்நேரம் நாற்காலியில போட்டிருப்பாங்க" என்றார்.

எதை அச்சடித்தீர்கள் என்று கேட்டேன்.

"நீங்க குடுத்ததத்தான். திங்கட்கிழமை நீங்க வரவே இல்லையே."

"அதுல சிவப்பு மையில கொஞ்சம் எழுதியிருந்ததே."

"கொஞ்சமா? ஆமா சார். எல்லாத்தையும் சேர்த்தாச்சு. சிவப்புல அடிச்சா தாள மெஷின்ல ரெண்டு ஓட்டம் ஓட்டணும், அதனால தடிச்ச எழுத்துல போட்டுட்டேன். கண்ணுல நல்லா படும்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை.

"வேலைக்குச் சேர்ந்த அன்னிக்கு நீங்க சொன்னது சார். சிவப்பு மையில எழுதினதுதான் இறுதி, ஏன்னு கேக்காதன்னு. மறந்துட்டீங்களா?"

"அச்சுக் கோக்கும்போது படிச்சீங்கல்ல? அது உரை மாதிரியா இருந்தது?"

"படிக்கக் கூடாதுன்னும் நீங்கதான சார் சொன்னீங்க. வினாத்தாளப் படிக்கிறவன் வெளிய போய்ச் சொல்லிடுவான், எழுத்தப் பாரு, அர்த்தத்தப் பாக்காதன்னு. நான் இங்க அடிச்ச எதையும் இன்னைக்கு வரைக்கும் படிச்சதில்ல சார்" என்றார். குரலில் பெருமை இருந்தது. அவரைக் கோபித்துக்கொள்ள எனக்கு வழியே இல்லை. இவ்வளவு ஒழுங்காகக் கற்றுக்கொண்ட மாணவர் வேறு ஒருவரும் எனக்கு அமையவில்லை.

அங்கிருந்து முதல்வர் அறைக்குப் போனேன். பிரதிகளை எடுத்துவிடலாமா என்று கேட்டேன். அவர் மேசையில் ஒன்று இருந்தது. "ஏன் சார்? புதுமையா இருக்கு. கணவன் சொல்ற மாதிரி, மனைவி மடக்குற மாதிரி. எங்க வீட்டம்மா படிச்சிட்டு விழுந்து விழுந்து சிரிச்சாங்க. உங்களுக்கு இப்படியெல்லாம் எழுத வரும்னு எனக்குத் தெரியாமப் போச்சே" என்றார். அது நான் எழுதியதில்லை என்று சொல்ல ஆரம்பித்தேன். யாரோ மைக் பற்றிக் கேட்க வந்தார்கள்.

மறுநாள் மேடை ஏறினேன். மண்டபம் நிறைந்திருந்தது. செயலாளர் இரண்டாம் வரிசை ஓரத்தில் கோட்டுப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். மனைவி ஒரு பக்கம், கறுப்பு அங்கி அணிந்த மகள் மறு பக்கம். மூவர் கையிலும் பிரதி.

என் திட்டம் இது: தடித்த எழுத்துகளை விட்டுவிட்டு மற்றதை மட்டும் படிப்பது. வணக்கம் சொல்லும் பத்தியைப் படித்தேன். அடுத்த பத்திக்குத் தாவினேன். உடனே பின்வரிசையில் ஒரு தகப்பனார் எழுந்தார்.

"சார், தடிச்ச எழுத்த விட்டுட்டீங்க."

வேறு வழியில்லை. படித்தேன். 'இவ்வளவு பேருக்கு வணக்கம் சொல்லி முடிப்பதற்குள் மாணவர்கள் கிழவர்கள் ஆகிவிடுவார்கள்.'

மண்டபம் சிரித்தது. நான் சிரிப்பு அடங்கக் காத்திருந்தேன். அவர்கள் எனக்கு முன்னாலேயே அடுத்த தடித்த எழுத்துக்குப் போய்விட்டார்கள் போலிருக்கிறது; நான் மழையைப் பற்றிப் படிக்கத் தொடங்கும்போதே ஒரு பக்கம் சிரிப்புக் கிளம்பியது. 'பொய். உங்கள் அப்பா காரில் கொண்டுபோய் விட்டார்' என்று படித்து முடித்தபோது என்னோடு வேலை பார்த்த தாவரவியல்காரர் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கனவுகளைப் பற்றிய பத்தியில் நோயாளி தூங்கியதற்கு மாணவர்கள் கைதட்டினார்கள். எதற்குத் தட்டினார்கள் என்று எனக்கு இப்போதும் விளங்கவில்லை.

'இங்கே மூச்சு வாங்குங்கள். தண்ணீர் குடியுங்கள்' என்றிருந்த இடத்தில் அதைப் படித்துவிட்டு, மூச்சு வாங்கி, தண்ணீர் குடித்தேன். மண்டபம் முழுவதும் காத்திருந்தது. அதன் பிறகு, 'இந்த இடத்தில் உங்கள் கை நடுங்கும். பரவாயில்லை, மேசையைப் பிடித்துக்கொள்ளுங்கள்.' பிடித்துக்கொண்டேன். இதற்கு யாரும் சிரிக்கவில்லை. இப்படி நீ எழுதியிருந்ததை நான் முதல் மூன்று முறை படித்தபோது ஏனோ கவனிக்கவில்லை.

பிறகு பன்னிரண்டாம் பக்கம் வந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்பினார்கள்.

அநியாயத்தைக் கண்டால் வாய் திறந்து சொல்லுங்கள் என்று என் பத்தியைப் படித்தேன். அதன் கீழே உன் கேள்வி. செயலாளர் அதை எனக்கு முன்னாலேயே படித்துவிட்டார். கோட்டின் மேல் பொத்தானைக் கழற்றினார். நான் படித்தேன். 'சங்கச் செயலாளர் என்மேல் பழி போட்டபோது உங்கள் வாய் எங்கே போனது? அன்று லிஃப்ட் கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவர் யார்? பதில் சொல்லிவிட்டு மேலே படியுங்கள்.'

பதில் அச்சில் இல்லை. அடுத்த வரி நேரடியாக எதிர்காலத்தைப் பற்றிய பத்தி. எதிர்காலத்துக்குப் போய்விடலாம் என்றுதான் முதலில் நினைத்தேன். ஆனால் அச்சில் உள்ளபடியே நடக்க வேண்டும் என்பது விதி. பதில் சொல்லிவிட்டு மேலே படிக்க வேண்டும் என்று அச்சில் இருக்கிறது. யாரும் பக்கத்தைத் திருப்பவில்லை.

செருப்பைப் பார்க்கக் குனிந்தேன். மேசை மறைத்துக்கொண்டிருந்தது.

"நான்தான்" என்றேன். மைக் அதைப் பெரிதாகச் சொன்னது. "கதவைப் பிடித்துக்கொண்டிருந்தவன் நான்தான். லிஃப்டில் ஏற்றியது செயலாளரின் வாஷிங் மெஷின். என் மனைவி அன்று அந்தக் கட்டடத்திலேயே இல்லை. இது எனக்கு அன்றே தெரியும். கூட்டத்தில் சொல்லவில்லை. பயமாக இருந்தது. சொல்லாமல் இருந்தது தப்பு."

இவ்வளவுதான் பேசினேன். எழுதி வைக்காததால் வாக்கியங்கள் சிறிதாக இருந்தன. பிறகு எதிர்காலத்தைப் பற்றிய பத்தியைப் படித்து முடித்து உட்கார்ந்தேன்.

நான் சொல்லி முடித்த கணத்தில் இரண்டாம் வரிசையிலிருந்து ஒரு குரல் மட்டும் தெளிவாகக் கேட்டது. செயலாளரின் மகள். "அப்பா, நான் அன்னிக்கே சொன்னேன்ல" என்றாள்.

விழா முடிந்து டீ குடிக்கும் இடத்தில் செயலாளர் வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தேன். "சார், மெஷின் அவ்வளவு கனம் இல்ல சார், லிஃப்ட்தான் பழசு" என்றார். நான் ஒன்றும் சொல்லவில்லை. இந்த முறை சொல்ல ஒன்றும் இல்லாததால். கொஞ்ச நேரம் கப்பைச் சுற்றிக்கொண்டிருந்துவிட்டு, "அடுத்த கூட்டத்துல நானே எழுந்து திருத்திச் சொல்லிடறேன். அம்மாகிட்ட நீங்க கொஞ்சம் சொல்லி வைங்க" என்றார். நீங்களே சொல்லுங்கள் என்றேன். இப்படிச் சொன்னதும் எனக்கே திடுக்கென்றது.

உரை தோல்வி என்றுதான் நினைக்கிறேன். ஏறக்குறைய எல்லாச் சிரிப்பும் உன் வரிகளுக்குத்தான். முதல்வர் மட்டும் மிகவும் மகிழ்ந்து, அடுத்த வருடமும் இருவரும் சேர்ந்து எழுதித் தர முடியுமா என்கிறார். அவரிடம் என் சந்தேகங்களைச் சொல்லியிருக்கிறேன்.

பிரதி ஒன்று இத்துடன் இருக்கிறது. உன் அனுமதி இல்லாமல் உன் எழுத்தை அச்சில் ஏற்றியதற்காக வருந்துகிறேன். காய்ச்சல் இப்போது இல்லை. செடிகள் தேறுகின்றன.

உன் கணவன்

*

ஜூன் 20

என்னங்க,

உங்கள் கடிதத்துக்கு முன்னாலேயே செயலாளர் மனைவியின் போன் வந்துவிட்டது. அவள் அழுதாளா சிரித்தாளா தெரியவில்லை, இரண்டும் கலந்து வந்தது. பிறகு செயலாளரே வாங்கிப் பேசினார். நீங்கள் போனில் விடுவது போலவே மூச்சு விட்டார். கடைசியில் ஒரு வழியாக, "தப்பு என்னோடதுதாம்மா" என்றார். சரி என்றேன். அந்த விஷயம் முடிந்தது.

பிரதியை இங்கே எல்லோரும் படித்தாயிற்று. தம்பி கடைக்கு வருகிறவர்களுக்கெல்லாம் வாசித்துக் காட்டுகிறான். மீன் வாங்க வந்த ஒருவர் மீனை விட்டுவிட்டுப் பிரதி கிடைக்குமா என்று கேட்டார். உங்கள் அச்சுக்காரரிடம் சொல்லுங்கள், என் எழுத்தில் ஒரு புள்ளிகூட மாறவில்லை. இப்படி ஒருவர் என் வார்டில் இருந்திருந்தால் நான் இன்னும் ஐந்து வருஷம் வேலை பார்த்திருப்பேன்.

நீங்கள் சொன்ன பதிலை நான் நாலு முறை படித்தேன். தோல்வி என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்குப் புள்ளியியல் சொல்லிக்கொடுத்தது யார்?

சரி, நல்லதைச் சொல்லியாயிற்று. இனி என் குறை.

நீங்கள் எழுதிய கடிதங்கள் எல்லாவற்றையும் இன்று மறுபடி எடுத்து வைத்துப் பார்த்தேன். நீதிபதி முட்டி இருக்கிறது. காய்ச்சல் முப்பத்தெட்டரை இருக்கிறது. செடி வாடியது, தேறியது, எல்லாம் இருக்கிறது. மண்டபம் நிறைய ஜனங்களிடம் தப்பு என்று சொல்லியிருக்கிறீர்கள். 'வீட்டுக்கு வா' என்று என்னிடம் ஒரு இடத்தில்கூட இல்லை. ஓரத்தில்கூட இல்லை. நான் கண்ணாடி போட்டுக்கொண்டுதான் தேடினேன்.

தம்பியிடம் கொத்தனாரைக் கொஞ்ச நாள் பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். கொஞ்ச நாள்தான்.

சொல்வதென்றால் இங்கே வந்து சொல்லுங்கள். தம்பி, தம்பி மனைவி, கடையில் நிற்கிறவர்கள் எல்லோரும் இருக்கும்போது, வாயால் சொல்லுங்கள். எழுதி எடுத்துக்கொண்டு வந்து படிக்கக் கூடாது. சட்டைப் பையைச் சோதிப்பேன்.

நான்

*

ஜூன் 23

அன்புள்ளவளுக்கு,

ஞாயிற்றுக்கிழமை முதல் பஸ்ஸில் வருகிறேன். இந்தக் கடிதத்தை மிகவும் சிறியதாக நிறுத்திக்கொள்கிறேன். இன்னும் இரண்டு வரி எழுதினால் அது இங்கேயே வந்துவிடும் போலிருக்கிறது. அப்புறம் அங்கே வந்து சொல்ல என்னிடம் ஒன்றும் இருக்காது.

உன் கணவன்